கலைப் பட்டப்படிப்பு: நம் பிள்ளைகள் அங்கே என்னதான் படிக்கிறார்கள்?

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளிவரும் ஒவ்வொரு முறையும் நமது ஊர்களில் ஒரே கணக்குத்தான் போடப்படுகிறது. கணிதத்திலும் விஞ்ஞானத்திலும் ஏ சித்தி பெற்றவர் உயிரியல் அல்லது பௌதிக விஞ்ஞானப் பிரிவுக்கு. அதற்கு அடுத்தவர் வர்த்தகம் அல்லது தொழில்நுட்பத்துக்கு. மிஞ்சியவர்கள் எல்லாம் "ஆர்ட்ஸ்". வரலாற்றிலும் தமிழிலும் சிறந்த பெறுபேறு பெற்று, கலைப்பிரிவையே விரும்பிக் கேட்கும் பிள்ளைக்கு "இவ்வளவு ரிசல்ட்ஸ் இருக்க ஏன் ஆர்ட்ஸ்?" என்ற கேள்வி குடும்பம் முழுவதிலிருந்தும் வருகிறது.

நான் ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியை. பத்தாம், பதினோராம் தரங்களுக்கு வரலாறும் புவியியலும் கற்பிக்கிறேன். என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். கலைப் பட்டத்தில் என்னதான் படிப்பிக்கிறார்கள்? படித்து முடித்தால் என்ன கிடைக்கும்? இரண்டாவது கேள்விக்குப் பலரும் பதில் சொல்லிவிட்டார்கள், பெரும்பாலும் பயமுறுத்தித்தான். முதலாவது கேள்விக்குப் பதில் சொல்வார் குறைவு. அதைத் தெரிந்துகொள்ளாமல் இரண்டாவதற்குச் சரியான பதில் கிடைக்காது.

இரண்டு குடும்பங்கள்

கலைப்பீடம் என்று நாம் ஒரே பெயரால் அழைப்பதற்குள் இரண்டு அறிவுக் குடும்பங்கள் உள்ளன. மொழி, இலக்கியம், வரலாறு, மெய்யியல், நாகரிகம், சமயக் கற்கைகள், நுண்கலை போன்றவை மனிதப் பண்பியல் பாடங்கள். மனிதர்கள் எதை எழுதினார்கள், எதை நம்பினார்கள், எதை விட்டுச் சென்றார்கள் என்பதை அவை வாசித்து விளங்க முயல்கின்றன. சமூகவியல், அரசறிவியல், பொருளியல், உளவியல், மனிதப் புவியியல் போன்றவை சமூக விஞ்ஞானங்கள். மனிதர்கள் கூட்டமாக எப்படி வாழ்கிறார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைக் கணக்கெடுப்பு, நேர்காணல், களஆய்வு, புள்ளிவிபரம் ஆகியவற்றைக் கொண்டு அவை ஆராய்கின்றன.

இந்த எல்லை இறுக்கமானதல்ல. வரலாறு இரண்டு வீட்டுக்கும் பிள்ளை. பேராதனைக் கலைப்பீடத்தில் பொருளியலும் புள்ளிவிபரவியலும் ஒரே துறையில் இருக்க, அறபும் இஸ்லாமிய நாகரிகமும் இன்னொரு துறையில் இருக்கின்றன. உளவியல், தொல்லியல், புவியியல் எல்லாம் அதே பீடத்துக்குள்தான். ஆகவே "கலை படிக்கிறான்" என்று சொன்னால் ஒன்றும் சொன்னதாகாது. கலைப்பீடத்தில் எந்தப் பாடத்தை, எப்படிப் படிக்கிறான் என்று கேட்க வேண்டும்.

பட்டம் எப்படி அமைந்திருக்கிறது?

இலங்கைத் தகைமைகள் சட்டகத்தின்படி மூன்று வருடப் பட்டம் ஐந்தாம் மட்டத்தைச் சேர்ந்தது. அதற்குக் குறைந்தது 90 கிரெடிட்கள் வேண்டும். நான்கு வருடக் கௌரவப் பட்டம் ஆறாம் மட்டம். அதற்கு 120 கிரெடிட்கள். நம்மவர்கள் "ஸ்பெஷல்" என்று சொல்வது இதைத்தான். ஒரு கிரெடிட் என்பது ஒரு மாணவர் செலவிட வேண்டிய ஏறத்தாழ 50 மணித்தியாலக் கற்றலைக் குறிக்கும். அதில் விரிவுரை மண்டபத்தில் கழிவது ஏறக்குறைய 15 மணித்தியாலம் மட்டுமே. மிகுதி நூலகத்திலும் வாசிப்பிலும் எழுத்திலும் கழிய வேண்டியது.

பல பெற்றோருக்குத் தெரியாத விடயம் இது. "கிழமையில் சில லெக்சர்தானே, மிச்ச நேரம் சும்மா இருக்கிறான்" என்கிறார்கள். சும்மா இருந்தால் பட்டத்தின் பெரும்பகுதியை அவன் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம். விரிவுரைக் குறிப்பை மனனம் செய்து பரீட்சையில் எழுதி வெளியேறுபவர் அந்தப் படிப்பின் சிறு பங்கைத்தான் எடுத்துச் செல்கிறார்.

முதல் வருடத்தில் பொதுவாகப் பல பாடங்களைக் கற்பார்கள். அந்தப் பெறுபேறுகளின் அடிப்படையில்தான் கௌரவப் பட்டத்துக்குத் தெரிவு நடக்கிறது. ஆகவே முதல் வருடத்தைப் பொழுதுபோக்காகக் கழித்தவருக்கு விரும்பிய பாடம் கிடைக்காமல் போகலாம். நான்காம் வருடத்தில் மாணவர் தானே ஒரு கேள்வியைத் தெரிந்தெடுத்து, தகவல் திரட்டி, ஆய்வுக்கட்டுரை எழுத வேண்டும். என் பார்வையில் முழுப் பட்டத்தின் பெறுமதியும் அங்கேதான் தெரியும்.

என்னிடம் படித்த ஒரு மாணவி சமூகவியலில் கௌரவப் பட்டம் செய்தாள். மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய பெண்களிடம் வினாக்கொத்துடன் வீடு வீடாகப் போனாள். ஒருநாள் என்னிடம் வந்து, "டீச்சர், மாப்பிள பக்கத்துல இருக்கக்குள்ள ஒரு பதில், அவர் எழும்பிப் போனாப்புறகு வேற பதில்" என்றாள். ஆய்வு முறையியல் பற்றிய பாடநூல் ஒரு முழு அத்தியாயத்தில் சொல்வதை அவள் ஒரு வாசலில் நின்று கற்றுக்கொண்டாள். யாரிடம், எப்போது, யார் முன்னால் கேட்டோம் என்பதைப் பொறுத்து உண்மை எப்படி மாறித் தெரிகிறது என்று அறிந்த ஒருவரை இனி எந்த அறிக்கையும் இலகுவில் ஏமாற்ற முடியாது.

வரலாறு: நாம் யார் என்று எழுதியவர்கள்

இந்தப் பாடங்களால் சமூகத்துக்கு என்ன பயன் என்று கேட்போருக்கு நமது சொந்தக் கதையையே சொல்லலாம்.

1888ஆம் ஆண்டு சேர் பொன்னம்பலம் இராமநாதன், ரோயல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளையில் இலங்கைச் சோனகரின் இனவியல் பற்றிய கட்டுரை ஒன்றை முன்வைத்தார். மொழி, வழக்காறு, வரலாறு ஆகியவற்றை ஆதாரமாகக் காட்டி, சோனகர் இனத்தால் தமிழரே, சமயத்தால் மட்டும் வேறானவர்கள் என்று வாதிட்டார். அது வெறும் புலமைக் கட்டுரையாக நின்றுவிடவில்லை. முஸ்லிம்களுக்குச் சட்டவாக்க சபையில் தனி ஆசனம் வேண்டுமா என்ற கேள்வி அப்போது மேலெழுந்திருந்தது. 1889இல் அந்த ஆசனம் கிடைத்தது. ஆனால் இராமநாதனின் வாதத்துக்கு நூல் வடிவில் விரிவான மறுப்பை ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் வெளியிட்டது 1907இல்தான்.

ஏறத்தாழ இருபது வருட இடைவெளி அது. அந்த விவாதத்தில் இரு தரப்பும் பயன்படுத்திய கருவிகள் எல்லாம் இன்று கலைப்பீடத்தில் கற்பிக்கப்படுபவை: மொழியியல், வரலாறு, இனவியல், அரசியல். ஒரு சமூகம் யார் என்பதைத் தீர்மானிக்கும் வாதம் இந்தப் பாடங்களின் மொழியில் நடக்கும்போது, அந்த மொழி தெரியாதவர் பார்வையாளராகத்தான் இருக்க முடியும். இரு நூல்களும் அவரவர் காலத்து அரசியல் தேவையுடன் எழுதப்பட்டவை என்பதையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவரே நல்ல வரலாற்று மாணவர். நம் தரப்பு எழுதியது என்பதற்காக ஒன்றை அப்படியே ஏற்பதும், மறுதரப்பு எழுதியது என்பதற்காக ஒன்றை அப்படியே தள்ளுவதும் வரலாறு ஆகாது.

இன்னொரு உதாரணம் கலாநிதி லோனா தேவராஜாவின் நூல். 900 முதல் 1915 வரையான இலங்கை முஸ்லிம்களின் வரலாற்றை எழுதிய அவர் முஸ்லிம் அல்லர், சிங்கள வரலாற்றாசிரியர். 1626இல் போர்த்துக்கேயர் முஸ்லிம்களை வெளியேற்றியபோது கண்டி மன்னன் செனரத் அவர்களுக்குக் கிழக்கில் இடம் கொடுத்ததை நாம் மேடைகளில் அடிக்கடி நினைவுகூர்கிறோம். அத்தகைய செய்திகளை மூலாதாரங்களிலிருந்து தேடி எடுத்து ஒழுங்குபடுத்தும் உழைப்பைச் செய்தவர்கள் பட்டியலில் நமது பெயர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்று நாம் கேட்டுக்கொள்வதில்லை.

சமூகவியல்: வீடு யாருடையது?

கிழக்கில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்து, மாப்பிள்ளை அங்கே வந்து வாழ்வது வழமை. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளுக்கு இடம் இருப்பதும், அந்தக் குடி தாய்வழியாக வருவதும் அம்பாறை, மட்டக்களப்பு வாசகர்களுக்குப் புதிதல்ல. இதை 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கியிருந்து ஆராய்ந்தவர் டெனிஸ் மக்கில்வ்ரே என்ற அமெரிக்க மானிடவியலாளர். அவரது நூல் 2008இல் வெளிவந்தது. நமக்குப் பழகிப்போனதால் நாம் கவனிக்காத ஒன்றை வெளியிலிருந்து வந்தவர் கேள்வியாகப் பார்த்தார்.

இது வெறும் ஆர்வத்துக்கான அறிவு அல்ல என்பது 2004 டிசம்பர் 26இன் பின் தெரிந்தது. மருதமுனை, சாய்ந்தமருது, கல்முனை, கிண்ணியா என்று கரையோரம் முழுவதும் சுனாமி வீடுகளை அள்ளிச் சென்றது. வடக்கு கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றர் வரை கட்டடம் கட்டக்கூடாது என்று அறிவிக்கப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் அந்த எல்லை 100 மீற்றர். நெருக்கமான குடியிருப்புகளைக் கொண்ட நமது கரையோர ஊர்களில் அதன் அர்த்தம் என்ன என்பதை ஒரு வரைபடம் வைத்து விளக்கப் புவியியலாளர் வேண்டும். புதிய வீட்டுக்கு உறுதி எழுதும்போது "குடும்பத் தலைவர்" என்ற பெயரில் கணவனின் பெயரையே போட்டால், இழந்த வீடு மனைவியின் பெயரில் இருந்தது என்ற உண்மை அழிந்துவிடும். இந்தச் சிக்கலைப் பெண்கள் அமைப்புகள் அப்போது எழுப்பின. ஓர் அரச படிவத்தில் இருந்த ஒற்றைச் சொல், தலைமுறைகளாகப் பெண்கள் கையில் இருந்த சொத்துரிமையைத் தொடக்கூடியதாக இருந்தது. அதைப் படிவம் அச்சாகும் முன்பே கண்டுபிடிக்கக்கூடியவர் சமூகவியல் படித்த ஓர் அதிகாரி.

எண்களும் வதந்திகளும்

2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் உணவகத்தில் சாப்பாட்டில் மலட்டு மாத்திரை கலந்ததாகப் புரளி கிளம்பி, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன. பிறகு அரச பகுப்பாய்வாளர் அந்த உணவில் இருந்தது மாவுத் துணிக்கையே என்று உறுதிப்படுத்தினார். ஆய்வுகூடம் தன் வேலையைச் செய்தது. ஆனால் அப்படியொரு மாத்திரை இருக்கிறது என்று ஆயிரக்கணக்கானோர் ஏன் நம்பினார்கள்? அந்தக் கேள்விக்கு ஆய்வுகூடத்தில் விடை இல்லை.

அந்த நம்பிக்கையின் பின்னால் ஓர் எண் இருந்தது. 1981 தொகைமதிப்பில் இலங்கையில் இஸ்லாமியர் ஏறத்தாழ 7.6 வீதம். 2012இல் 9.7 வீதம். இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துத்தான் பயம் விற்கப்பட்டது. குடித்தொகைக் கல்வி படித்த ஒருவர் இதே எண்களைப் பார்த்து வேறு கேள்விகளைக் கேட்பார். 1991இல் தொகைமதிப்பே நடக்கவில்லை, 2001இல் வடக்கு கிழக்கில் முழுமையாக நடக்கவில்லை, ஆகவே இடையில் என்ன நிகழ்ந்தது? யுத்தத்தால் எத்தனை பேர் நாட்டை விட்டுப் போனார்கள், அது மற்றவர்களின் வீதாசாரத்தை எப்படி மாற்றியது? ஒவ்வொரு சமூகத்திலும் இளையோர் எத்தனை பேர்? திருமண வயது என்ன? ஒரு வீதாசாரம் உயர்வதற்குப் பல காரணங்கள் உண்டு என்பதைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நிதானமாக எழுதி விளக்கக்கூடியவர்கள் நம்மிடையே எத்தனை பேர் இருந்தார்கள்?

2020 ஏப்ரலில் ஜனாஸாக்களை எரிக்கும் வர்த்தமானி வெளிவந்து, 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் அனுமதிக்கப்படும் வரையான மாதங்களிலும் இதே குறையை உணர்ந்தோம். வைத்தியர்களும் சட்டத்தரணிகளும் தங்கள் பங்கைச் செய்தார்கள். ஆனால் ஒரு சமூகத்துக்கு அடக்கம் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அதை அறியாத சக குடிமகனுக்கு அவரது மொழியில், அவரது மனம் ஏற்கும் விதத்தில் சொல்வது இன்னொரு வகைத் திறமை. மொழியும் சமயக் கற்கையும் மானிடவியலும் சேர்ந்து தரும் திறமை அது.

மொழியும் இலக்கியமும்

சித்திலெப்பை 1882இல் தொடங்கிய முஸ்லிம் நேசன் பத்திரிகையையும், 1885இல் எழுதிய அசன்பே சரித்திரத்தையும் பற்றிப் பெருமையாகப் பேசுகிறோம். அவற்றைக் கல்வியுலகில் இடம்பெறச் செய்தவர்கள் இலக்கிய ஆய்வாளர்கள். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தை ஒரு தனிப் புலமாக நிலைநாட்ட உழைத்த பேராசிரியர் ம.மு. உவைஸ் நமது பாணந்துறையைச் சேர்ந்தவர். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அத்துறைக்கெனப் பேராசிரியராகவும் இருந்தார். கல்முனை மண்ணிலிருந்து வந்த பேராசிரியர் எம்.ஏ. நுஃமான் மொழியியலிலும் திறனாய்விலும் தமிழ் கூறும் நல்லுலகம் முழுவதும் வாசிக்கப்படுபவர். இவர்களை யாரும் "ஆர்ட்ஸ்தானே" என்று கடந்து போக முடியாது.

நம் வீடுகளின் பழைய பெட்டிகளில் அறபுத் தமிழ்ப் பிரதிகள் இருக்கின்றன. அறபு எழுத்தில் தமிழை எழுதிய அந்த ஏடுகளை வாசிக்கத் தெரிந்த மூத்தம்மாமார் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். தமிழும் அறபும் தெரிந்து, பிரதி ஆய்வு கற்ற பிள்ளைகள் வராவிட்டால் கறையான் முந்திக்கொள்ளும்.

இது நமக்கு அந்நியமான கல்வியா?

சமூக விஞ்ஞானம் மேற்கத்தேயச் சரக்கு என்று ஒதுக்குவோரும் உண்டு. அவர்கள் இப்னு கல்தூனை நினைத்துப் பார்க்கலாம். 1332இல் தூனிஸில் பிறந்த அவர் 1377இல் எழுதிய முகத்திமாவில், பழைய வரலாற்றாசிரியர்கள் சொன்ன ஒரு செய்தியைச் சோதிக்கிறார். மூஸா நபியின் படையில் ஆறு இலட்சம் பேர் இருந்தார்கள் என்ற செய்தி அது. அவ்வளவு பெரிய படை ஒரு களத்தில் எப்படி அணிவகுக்கும்? ஓர் அணிக்கு இன்னோர் அணியில் நடப்பது எப்படித் தெரியும்? சில தலைமுறைகளில் ஒரு குடும்பம் அத்தனை பேராகப் பெருகுமா? ஒரு செய்தியைச் சொன்னவர் யார் என்று பார்ப்பதோடு நில்லாமல், மனித சமூகத்தின் இயல்பில் அது நடக்கக்கூடியதா என்றும் பார்க்க வேண்டும் என்பது அவரது முறை. வாட்ஸ்அப்பில் வந்ததை வாசித்த கையோடு பத்துக் குழுக்களுக்கு அனுப்பும் இந்தக் காலத்தில் இந்த ஒரு பாடத்துக்காகவே ஒரு பட்டம் படிக்கலாம்.

தொழில் பற்றிய நேர்மையான பதில்

கலைப் பட்டதாரிகள் நியமனம் கேட்டு வீதியில் நின்றதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அது உண்மை. அதை மறைத்துப் பிள்ளைகளை அனுப்புவது அநியாயம். ஆனால் அந்த வரிசையில் நீண்டகாலம் நிற்பவர்களிடம் பொதுவான சில விடயங்களைக் காணலாம். தமிழ் மட்டுமே எழுத வரும். குறிப்பை மனனம் செய்து சித்தியடைந்திருப்பார்கள். அரச நியமனம் தவிர வேறொன்றையும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

கலைப்பிரிவில் கற்றவருக்கு முன்னால் உள்ள வழிகள் குறைவல்ல. எந்தப் பிரிவில் உயர்தரம் படித்தவரும் சட்டபீடத்துக்கு விண்ணப்பிக்கலாம். நிருவாக சேவை, வெளிநாட்டுச் சேவை போன்ற போட்டிப் பரீட்சைகள் எந்தப் பட்டதாரிக்கும் திறந்தவை. மொழிபெயர்ப்பு, ஊடகம், கல்வி, உளவளத்துணை, ஆய்வு நிறுவனங்கள், அபிவிருத்தித் திட்டங்கள், புவியியல் தகவல் முறைமை என்று பட்டியல் நீளும். இவை அனைத்துக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: ஆங்கிலமும் சிங்களமும் எழுதுமளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மூன்று மொழியும் தெரிந்த ஒரு கலைப் பட்டதாரியை இந்த நாட்டில் நீண்டநாள் வேலையின்றி நான் கண்டதில்லை.

என்ன செய்யலாம்?

மாணவர்களுக்கு: உயர்தரத்தில் பாடம் தெரிவுசெய்யும்போது "ஏ எடுக்க இலகுவானது எது" என்று மட்டும் பார்க்காதீர்கள். பல்கலைக்கழகத்தில் எதைத் தொடரப் போகிறீர்கள் என்று பார்த்து, அதற்கு வேண்டிய பாடத்தை இப்போதே எடுங்கள். இயன்றால் அளவையியலை ஒரு பாடமாகக் கருதுங்கள். அது வாதத்தைச் சோதிக்கக் கற்றுத் தரும். பல்கலைக்கழகம் சென்றபின் புள்ளிவிபரப் பாடத்தைக் கண்டு ஓடாதீர்கள். நான்கு வருடமும் சொந்த இனத்தவருடன் மட்டும் திரியாதீர்கள். சிங்கள நண்பர் ஒருவரிடம் கற்கும் மொழி எந்த வகுப்பிலும் கிடைக்காது.

பெற்றோருக்கு: இன்று கலைப்பீடங்களில் படிப்போரில் பெரும்பான்மையோர் பெண்பிள்ளைகள். "கலியாணம் வரும்வரை படிக்கட்டும்" என்று அனுப்புவதும் ஒருவகையில் அந்தப் படிப்பை மலினப்படுத்துவதுதான். மூன்றாம் வருடத்தில் மாப்பிள்ளை வந்துவிட்டால் ஆய்வுக்கட்டுரை எழுதும் நான்காம் வருடத்தை விடச் சொல்லாதீர்கள்.

ஊர்த் தலைமைகளுக்கு: 1945இல் ஏ.எம்.ஏ. அஸீஸ் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தை ஆரம்பித்தார். இலங்கை சிவில் சேவையில் இணைந்த முதல் முஸ்லிமான அவர், பல்கலைக்கழகக் கல்லூரியில் படித்தது வரலாறு. 1948 முதல் 1961 வரை கொழும்பு ஸாஹிராவை வழிநடத்தியதும் அந்த வரலாற்று மாணவர்தான். நமது இன்றைய புலமைப்பரிசில்களில் வைத்தியத்துக்கும் பொறியியலுக்கும் ஒதுக்குவதில் ஒரு பங்கை, களஆய்வு செய்யும் ஒரு கலைப்பீட மாணவருக்கும் கொடுங்கள். பள்ளிவாசல் அலுமாரியில் கிடக்கும் பழைய கணக்குப் புத்தகங்களையும் கலியாணப் பதிவுகளையும் எறிந்துவிடாமல் அந்தப் பிள்ளைகளிடம் காட்டுங்கள். ஊரின் நூறு வருடச் சரித்திரம் அவற்றில்தான் இருக்கிறது.

நமக்கு வைத்தியர்கள் வேண்டும், பொறியியலாளர்கள் வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. ஆனால் நம்மைப் பற்றிய அடுத்த நூலும், அடுத்த சட்ட வரைவும், அடுத்த வதந்தியும் எங்கோ ஒரு மேசையில் எழுதப்படத்தான் போகின்றன. அவற்றை வாசித்து, நிறுத்துப் பார்த்து, ஆதாரத்துடன் பதில் எழுத இன்னொரு இருபது வருடம் காத்திருக்க முடியாது. இம்முறை பெறுபேறு வந்ததும் உங்கள் பிள்ளை "நான் வரலாறு படிக்கப் போறேன்" என்று சொன்னால், ஏன் என்று கேளுங்கள். நல்ல காரணம் சொன்னால் துஆச் செய்து அனுப்பி வையுங்கள்.